பட்டறைப் பெஞ்சு: ஐடிஐ வாத்தியாரின் பதில்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு எங்கள் வீட்டுக்குத் தபால் கூடிவிடுகிறது. இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் ‘பெயர் போட வேண்டாம்’ என்ற குறிப்போடு வந்தவை. ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம் பற்றிக் கேட்பதில் மறைக்க என்ன இருக்கிறதோ! சரி, அவரவர் விருப்பம். எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகன் பத்தாவதில் 268 மார்க். பிளஸ் ஒன் வேண்டாம், இயந்திர பாகங்களை ராவிப் பொருத்துகிற பிட்டர் பிரிவு படிக்கட்டும் என்கிறார் அவன் அப்பா. என் தம்பியோ தனியார் ஐடிஐ ஒன்றில் பேசி வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் வேலைக்கு அவர்களே பொறுப்பாம். எதை நம்புவது?
*ஒரு தாய், உசிலம்பட்டி*

அம்மா, உங்கள் கடிதம் நாலு பக்கம். கணவர் சொன்னது, தம்பி சொன்னது, எதிர்வீட்டு டீச்சர் சொன்னது எல்லாம் இருக்கிறது. பையன் என்ன சொன்னான் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. முதலில் அவனை ஒரு நாள் மதுரை கோ.புதூர் அரசு ஐடிஐக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பயிற்சி நடக்கிற நேரமாகப் பார்த்துப் போய், அனுமதி கேட்டு, ஒவ்வொரு பட்டறை வாசலிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எங்கே அவன் கால் நகராமல் நிற்கிறது என்று கவனியுங்கள். நான் பார்த்தவரை மார்க் சீட்டைவிட இது நன்றாகவே வழி காட்டுகிறது.

அடுத்து விவரம். பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக், ஏசி மெக்கானிக் இவையெல்லாம் இரண்டு ஆண்டு. வெல்டர், டீசல் மெக்கானிக், கோபா எனப்படும் கம்ப்யூட்டர் பிரிவு ஆகியவை ஓர் ஆண்டு. வயர்மேனுக்கும் வெல்டருக்கும் எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே போதும். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. சீருடை, காலணி, சைக்கிள், பாடப் புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் என்று மற்றவையும் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஆன்லைனில். மதிப்பெண்படி கலந்தாய்வு. 268 ஒன்றும் மோசமில்லை. எலக்ட்ரீஷியன் சீக்கிரம் நிரம்பிவிடும், மற்றவற்றில் இடம் இருக்கும்.

தனியார் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். கண்டிப்பாக, ஒழுங்காக நடத்துகிறவர்களை எனக்கே தெரியும். அவர்களிடமும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, அதை முதலில் விசாரியுங்கள். அங்கீகாரம் என்பது கட்டடத்துக்குக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. ஒரே வளாகத்தில் எலக்ட்ரீஷியனுக்கு மத்திய அரசின் என்சிவிடி அங்கீகாரம் இருக்கும், பக்கத்து அறைப் பிரிவுக்கு இருக்காது. போர்டைப் பார்த்து ஏமாறாமல், ‘பிட்டருக்கு உண்டா, இந்த வருஷச் சேர்க்கைக்கு உண்டா’ என்று கேட்டு ஆணையைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

அப்புறம் பட்டறைக்குள் போங்கள். பிட்டர் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் அங்கே எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வைஸ் தாடைக்கும் கீழே இரும்புத்தூள் கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தரை பளபளவென்று இருந்தால் அங்கே யாரும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ‘வேலைக்கு நாங்கள் பொறுப்பு’ என்றால், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே, எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலை நீட்டுகிறவரோடு மேற்கொண்டு பேசலாம். பேச்சை மாற்றுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள், உங்கள் தம்பி எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.

சார், அரசு ஐடிஐயில் பிட்டர் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சேர்ந்த நாளிலிருந்து அரம், அரம், அரம்தான். ஒரே இரும்புத் துண்டை ராவிக்கொண்டே இருக்கிறோம். கையெல்லாம் கொப்புளம். வெல்டர் பிரிவில் சேர்ந்த என் நண்பன் இப்போதே ஜன்னல் கிரில் செய்கிறான். எல்லாம் கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடுகிற சிஎன்சி மெஷினே செய்கிற காலத்தில் இது எதற்கு? நின்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
*ஒரு மாணவன், ஒத்தக்கடை*

தம்பி, வருஷத்துக்கு ஒரு வகுப்பு என்று இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது பழகிவிட்டது. சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், சிலர் ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போகிறேன் என்று போய் அப்படியே நின்றுவிடுவார்கள். நீ எழுதிக் கேட்டது நல்லது.

முதலில் உன் கொப்புளம். கைப்பிடியின் முனை உள்ளங்கையில் உட்கார வேண்டும், பெருவிரல் மேலே இருக்க வேண்டும், மற்ற விரல்கள் அடியில் தளர்வாகப் பிடித்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் தேவைக்கு மேல் இறுக்குவார்கள், தோல் உரிவது அதனால்தான். அடுத்து, வைஸ் முன் நிமிர்ந்து நின்று கையை மடக்கிப் பார். முழங்கை வைஸ் தாடையின் உயரத்துக்கு வருகிறதா? வைஸ் உனக்கு உயரமாக இருந்தால் காலடியில் பலகை கேள். என் வகுப்பில் அதற்கென்றே நாலைந்து பலகைகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருப்பேன். கேட்க வெட்கப்பட்டுத் தோளைத் தூக்கி ராவுகிறவன்தான் இரண்டு வாரத்தில் முதுகு வலி என்று லீவு சொல்வான்.

இப்போது ராவுவது. அரத்தின் பல் முன்னோக்கித் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தினால் பல்தான் மழுங்கும், இரும்பு குறையாது. தள்ளத் தொடங்கும்போது அரத்தின் பெரும்பகுதி உன் பக்கம் இருக்கிறது. அதனால் நுனியைப் பிடித்திருக்கும் இடது கையில் அழுத்தம் கூட வேண்டும். நடுவில் இரண்டு கையிலும் சமம். முடிக்கும்போது வலது கையில் கூட வேண்டும். இந்த மாற்றம் கைக்கு வராவிட்டால் அரம் தராசுத்தட்டு மாதிரி ஏறி இறங்கும், ஜாப் (நீ ராவுகிற துண்டு) நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் போய்விடும். நேர் பார்க்கிற டிரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சக் கீற்று தெரியும். உன் ஜாப்பில் அதுதான் தெரிகிறது என்று பார்க்காமலே சொல்வேன். அரப் பற்களுக்குள் தூள் அடைத்துக்கொண்டு பரப்பில் கீறல் விழுந்தால், கம்பி பிரஷால் சுத்தம் செய்துவிட்டு, அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள். தூள் ஒட்டாது.

சரி, சிஎன்சி இருக்கும்போது இது எதற்கு? பழைய ஹார்வி பஞ்சாலை காலத்திலிருந்து மதுரையில் பிட்டருக்குப் பிழைப்பு எதில் என்று நினைக்கிறாய்? புதுப் பொருள் செய்வதிலா? ஓடுகிற மெஷின் நின்றுபோவதில்தான் பிழைப்பு. ராத்திரி ஷிப்டில் மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டையும் இணைக்கிற கப்ளிங் கழன்று ஆடுகிறது என்று வை. உள்ளே தண்டோடு அதைப் பூட்டியிருக்கும் கீ என்ற சிறு துண்டு தேய்ந்துவிட்டது. புதுக் கீ வெட்டி உட்கார வைக்க வேண்டும். ஒரு நூல் பெரிதானால் ஏறாது, அடித்து ஏற்றினால் தண்டு கெடும். சிறிதானால் காலைக்குள் மறுபடி ஆடும். மெஷின் ஷாப் பூட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். உன்னிடம் இருப்பது ஒரு இரும்புத் துண்டும் அரமும் நுணுக்கமாக அளக்கிற வெர்னியரும். கொஞ்சம் ராவி, வைத்துப் பார்த்து, எங்கே பிடிக்கிறது என்று விரலால் தடவி, மறுபடி அந்த இடத்தில் மட்டும் ராவி உட்கார வைப்பாய். அந்த ‘எங்கே பிடிக்கிறது’ என்பதை எந்த மெஷினும் உனக்குச் சொல்லித் தராது. அதற்குத்தான் இப்போது உன் கைக்குப் பழக்கம் கொடுக்கிறார்கள்.

வெல்டர் நண்பனோடு ஒப்பிடாதே. அவனுக்கு ஓர் ஆண்டுப் படிப்பு, வேகமாகத்தான் போவான். உனக்கும் முதலாம் ஆண்டிலேயே டிரில்லிங், ஷீட் மெட்டல், வெல்டிங், கொஞ்சம் லேத் வரும். இரண்டாம் ஆண்டில் டவ்டெயில் பிட்டிங், ஸ்கிரேப்பிங், பைப் வேலை, ஹைட்ராலிக்ஸ், நியூமாட்டிக்ஸ். அதில் டவ்டெயில் என்பது ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போக வேண்டிய இரண்டு துண்டு. செல்லம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்க மாட்டான், தியரியில் தட்டுத் தடுமாறித் தேறுகிறவன். அவன் முடித்துக் கொடுத்த டவ்டெயிலை நான் மேஜையில் வைத்துத் தள்ளியபோது சத்தமே வரவில்லை, நடுவில் எங்கும் பிடிக்கவும் இல்லை. பக்கத்துப் பிரிவு வாத்தியார்களை எல்லாம் கூப்பிட்டுத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். இப்போது அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் டை (அச்சு) மெயின்டனன்ஸ் பார்க்கிறான். வருஷம் ஒருமுறை பொங்கலுக்கு வரும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போவான். இன்னும் அதிகம் பேசுவதில்லை.

நிற்காதே. குறைந்தது லேத் வரும் வரைக்குமாவது இரு, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுது.

வெர்னியர் காலிபரை எப்படிப் படிப்பது? வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது, எனக்கு மட்டும் புரியவில்லை.
*ஒரு மாணவி, திருப்பரங்குன்றம்*

எல்லோருக்கும் புரிந்தது என்று யார் சொன்னது? தலையை ஆட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

மெயின் ஸ்கேலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை வெர்னியர் ஸ்கேலில் 50 சம பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே வெர்னியரின் ஒரு பாகம் 0.98 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 0.02 மி.மீ. அந்தக் கருவியால் அளக்க முடிந்த ஆகச் சிறிய அளவு அதுதான். இனி ஜாப்பைத் தாடைக்குள் வை. வெர்னியரின் பூஜ்யக் கோட்டுக்கு இடப்பக்கம் மெயின் ஸ்கேலில் கடைசியாகத் தெரிவது 24 என்று வைத்துக்கொள். பிறகு வெர்னியரில் எந்தக் கோடு மேலே உள்ள கோட்டோடு ஒரே நேராக நிற்கிறது என்று தேடு. 17-ஆவது கோடு என்றால், 17 × 0.02 = 0.34. ஆக மொத்தம் 24.34 மி.மீ.

கண்ணை நேர் மேலே வைத்துப் பார். சாய்ந்து பார்த்தால் பக்கத்துக் கோடு சேர்ந்த மாதிரி தெரியும். அளப்பதற்கு முன் வெறும் தாடையை மூடிப் பூஜ்யம் பூஜ்யத்தோடு சேர்கிறதா என்றும் பார்த்துவிடு. பயிற்சிப் பட்டறை வெர்னியர்கள் எத்தனையோ முறை கீழே விழுந்தவை.

எனக்கு எலக்ட்ரீஷியன் படிக்க ஆசை. பொம்பளைப் பிள்ளை கம்பத்தில் ஏறவா போகிறாய், கம்ப்யூட்டரோ தையலோ எடு என்கிறார் அப்பா. நீங்களே அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா.
*ஒரு மகள், வாடிப்பட்டி*

அப்பாவுக்கே எழுதுகிறேன். ஐயா, எலக்ட்ரீஷியன் என்றால் மின்கம்பம் என்று நினைக்கிறீர்கள். இன்றைக்கு அந்தப் படிப்பை முடித்தவர்கள் கண்ட்ரோல் பேனல் இணைப்பு, மோட்டார் சுற்று, பேட்டரி, சோலார் என்று தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிற வேலைகள் நிறைய. பேனலுக்குள் நூற்றுக்கணக்கான ஒயர்களைப் பிசகாமல் நம்பர் போட்டுக் கட்டுகிற வேலைக்குப் பெண்களையே தேடி எடுக்கிற கம்பெனிகள் உண்டு. ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் எடுத்த சுரேகா யாதவ், மகாராஷ்டிரத்தின் சதாரா பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு 1980-களிலேயே ரயில்வேயில் சேர்ந்தார். இது நாற்பது வருஷத்துக்கு முந்திய கதை.

கோ.புதூரில் மகளிருக்கென்றே தனி அரசு ஐடிஐ இருக்கிறது. பொது ஐடிஐயிலும் சேரலாம், மகளிருக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் கணக்குக்கே வரும். தையல் நல்ல தொழில்தான். ஆசைப்படுகிற பிள்ளைக்குக் கொடுங்கள்.

மகளே, உனக்கு ஒன்று. பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொள். வாடிப்பட்டியிலிருந்து காலைப் பட்டறைக்கு நேரத்துக்கு வர வேண்டும் என்றால் வெள்ளனவே கிளம்ப வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். வருகை 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள்.

அரசு ஐடிஐக்களில் ரோபோ பிரிவெல்லாம் வந்திருக்கிறதாமே? பழைய பிரிவை விட்டுவிட்டு அதில் சேரலாமா?
*ஒரு தந்தை, திருமங்கலம்*

வந்திருக்கிறது. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தினார்கள். ரோபோட்டிக்ஸ், ஆட்டோமேஷன், உயர்நிலை சிஎன்சி, மின்சார வாகனம் என்று பிரிவுகள். மெஷின்கள் உண்மையிலேயே நல்ல மெஷின்கள். நான் வேலையில் இருந்தபோது இதெல்லாம் கண்காட்சியில்தான் பார்க்கக் கிடைக்கும்.

ஆனால் என் ஆசை வேறு. பையன் பிட்டரோ டர்னரோ இரண்டு வருஷம் முடித்துவிட்டு இதில் ஓர் ஆண்டுப் பிரிவைச் சேர்த்துப் படித்தால் அவனை அசைக்க முடியாது. இரும்பு எப்படி வெட்டுப்படும், எப்போது சூடாகும், டூல் எப்போது முனகும் என்று தெரியாதவன் சிஎன்சி முன் நின்றால் பட்டன் அமுக்குகிற ஆளாகவே இருப்பான். பழைய ஆள் நான், அப்படித்தான் சொல்வேன்.

ஐடிஐ படித்தவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்களே, ஐயா?
*ஒருவர், மேலூர்*

வேலைக்குப் போகாத பி.இ.க்கும் யோசிக்கிறார்கள். முதலில் வேலைக்குப் போங்கள்.

பத்தாவதோடு ஐடிஐ போய்விட்டால் டிகிரி கனவை விட்டுவிட வேண்டியதுதானா?
*ஒரு மாணவன், அலங்காநல்லூர்*

இல்லவே இல்லை. பத்தாவது முடித்து இரண்டாண்டு ஐடிஐ தேறியவர்கள், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழித் தேர்வுகளை மட்டும் எழுதிப் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறத் தமிழ்நாட்டில் வழி உண்டு. எட்டாவது முடித்து ஐடிஐ படித்தவர்களுக்கு இதே முறையில் பத்தாவதுக்கு இணையான சான்று. இன்னொரு வழி, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. உன் தொழிற்பிரிவுக்குப் பொருந்துகிற டிப்ளமோவாக இருக்க வேண்டும். அதை இரண்டு வருஷத்தில் முடித்தால், அங்கிருந்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. சுற்றுவழி மாதிரித் தெரியும். ஆனால் அந்த வழியாக வந்தவன் வகுப்பில் ‘மைக்ரோமீட்டர்’ என்றதும் மற்ற பிள்ளைகளைப் போல முழிக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை. கணக்கை விடாதே. பட்டறைக் கணக்கும் அறிவியலும் என்று ஒரு பாடம் இருக்கும், பையன்கள் அதை இளக்காரமாக நினைத்து ஒதுக்குவார்கள். பாலிடெக்னிக்கில் போய் அரியர் விழுவது அந்த இடத்தில்தான்.

எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டேன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ‘அப்ரண்டிஸ்’ என்று சொல்லி எடுத்தார்கள். பத்து மாதம் ஆகிறது, எந்தக் காகிதமும் தரவில்லை. நண்பர்கள் ரயில்வே அப்ரண்டிஸுக்குப் போகச் சொல்கிறார்கள். உதவி ரயில் ஓட்டுநரான ஏஎல்பி ஆக ஆசை.
*ஓர் இளைஞன், தனக்கன்குளம்*

தம்பி, 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்றால் உனக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். உனக்கு ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். முடிவில் தேர்வெழுதி தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ் வாங்க வேண்டும். இது எதுவும் இல்லை என்றால் நீ அங்கே அப்ரண்டிஸ் இல்லை, சம்பளம் குறைத்துக் கொடுக்கப்படுகிற தொழிலாளி. சண்டை போடாதே. மனிதவளப் பிரிவில் ‘என் பதிவு எண் என்ன’ என்று மரியாதையாகக் கேள். பதில் வராவிட்டால் கோ.புதூர் ஐடிஐ வளாகத்தில் விசாரி, தொழில் பழகுநர் விவகாரத்தைக் கவனிக்கிற அதிகாரி யார் என்று வழிகாட்டுவார்கள்.

ரயில்வே அப்ரண்டிஸ் நல்ல பயிற்சி. திருச்சி பொன்மலை மாதிரிப் பணிமனையில் கற்பது வேறு எங்கும் கிடைக்காது. தேர்வு இல்லை, பத்தாவது மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் வைத்துத்தான் எடுக்கிறார்கள். முடித்தால் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் அடிப்படை நிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீதம் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறார்கள். அது சாதாரண விஷயமில்லை.

ஏஎல்பி என்கிற உதவி லோகோ பைலட்டுக்குப் பத்தாவதும் உன் ஐடிஐயும் போதும். ஆனால் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் போ. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும், நிறக்குருடு இருக்கக் கூடாது, லேசர் சிகிச்சை செய்த கண்ணை ஏற்க மாட்டார்கள். கணினித் தேர்வுகளையெல்லாம் தாண்டி, மனத்திறன் சோதனையும் தாண்டி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் சிவப்பு பச்சை தெரியாமல் திரும்பி வந்த பையன்களை எனக்குத் தெரியும். அதை முதல் நாளே பார்த்திருந்தால் டெக்னீஷியன் பதவிக்குப் படித்திருப்பார்கள்.

ஐடிஐ முடித்துவிட்டுச் சொந்தமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். ஒரு வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி போட்ட நாளிலிருந்து, அது தட்டிக்கொண்டே (தானாக அணைந்துகொண்டே) இருக்கிறது. வீட்டுக்காரர் அதைக் கழற்றிவிடச் சொல்கிறார்.
*ஓர் எலக்ட்ரீஷியன், சோழவந்தான்*

கழற்றாதே. உயிர் காக்கிற பொருள் அது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்க வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போடுகிறோம். அது தட்டுகிறது என்றால் எதையோ சொல்கிறது.

அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? பத்தில் பாதி அதுதான். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் யாரோ ஒன்றாகச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். ஆர்சிசிபி வழியாகப் போன மின்னோட்டம் அதே வழியாகத் திரும்பி வராவிட்டால் அது கசிவு என்றே கணக்குப் பண்ணும். இரண்டு நியூட்ரலையும் பிரி. இன்வெர்ட்டர் இல்லையென்றால் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்சிபி சுவிட்சு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்று. எதில் தட்டுகிறதோ அந்த லைனில் கீசர், மோட்டார், மொட்டைமாடி லைட் என்று ஈரம் பட வாய்ப்புள்ளதை முதலில் பார். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தால் எம்சிபியை இறக்கியும் தட்டும். அப்போது மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் ஒயர்களைக் கழற்றி, கசிவு பார்க்கிற மெக்கர் கருவியால் ஒவ்வொன்றாகச் சோதி.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஐடிஐ சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பந்த வேலை எடுக்காதே. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் உன் தகுதிக்குரிய சான்றுக்கு விண்ணப்பி. நாளைக்கு ஒரு விபத்து என்றால் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். வெல்டிங் கையில் கிடக்கிறது, காகிதம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டு ஏஜென்ட் சர்டிபிகேட் கேட்கிறான். இந்த வயதில் போய்ச் சின்னப் பையன்களோடு உட்கார முடியுமா?
*ஒரு பட்டறைக்காரர், நாகமலை புதுக்கோட்டை*

உட்கார வேண்டியதில்லை அண்ணே. அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும், செய்தித்தாளிலும் வரும். இப்போதே ஐடிஐ அலுவலகத்தில் பெயரையும் போன் நம்பரையும் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள்.

செய்முறையில் உங்களுக்குப் பயமில்லை. தியரியில்தான் சிக்கும். எலெக்ட்ரோடு நம்பரில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் என்ன பொருள், வெல்டிங் குறியீடுகளை வரைபடத்தில் எப்படிப் படிப்பது, எந்தத் தடிமனுக்கு எத்தனை ஆம்பியர், வெல்டில் வெடிப்பும் காற்றுக்குமிழும் ஏன் வருகிறது, இந்த நாலையும் வெல்டர் தியரி புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பட்டறையை மூடிவிட்டு அரை மணி நேரம் போதும். பத்தாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முகமூடி போடாமல் டேக் வெல்டு (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) வைக்கிற பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள், தேர்வாளர் முதலில் மார்க் குறைப்பது அதற்குத்தான்.